கெட்டிலில் விழுந்த இரண்டாவது தோட்டா

கெட்டிலில் ஓட்டை இருப்பதை முதலில் பார்த்தவள் என் மனைவி லீட்டியா.

பனிவண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சறுக்குவண்டியின் பெட்டியை அதுவரை யாரும் திறக்கவில்லை. காலில் குண்டு பட்ட என்னைத் தெற்கே ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் ஏற்றி, தைத்து, கைத்தடியோடு திருப்பி அனுப்பிய பிறகும் அது வாசலில் பனிக்குள் அப்படியே கிடந்தது. உள்ளே என் ரத்தம் ஒட்டியிருக்கும் என்று அவளுக்குப் பயம். அன்று காலை என்ன நினைத்தாளோ, கடப்பாறையால் ஐஸைத் தட்டி மூடியைத் திறந்தாள். கயிறு, சின்ன அடுப்பு, கல்லாகிப்போன சட்டிரொட்டி எல்லாவற்றையும் அள்ளி உள்ளே கொண்டுவந்தாள். வேட்டைக் கெட்டிலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்ததும் அடுப்பு சீறியது.

"என்னங்க இது, கெட்டில் அழுவுது."

தூக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு வட்டமாக ஒரு ஓட்டை, விளிம்பு உள்ளே மடங்கியிருந்தது. எதிர்ப்பக்கம் தகரம் வெளியே பூவாகக் கிழிந்திருந்தது. இது துரு இல்லை. தோட்டா போன வழி.

லீட்டியா கெட்டிலைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். "ஒரு குண்டுதான சுட்டான் என் தம்பி?"

ஊரே அப்படித்தான் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நடந்தது இதுதான். கடும் குளிர் மாதத்தில் மூன்று பேர் காரிபு மான் வேட்டைக்குப் போனோம். நான், லீட்டியாவின் தம்பி யூசிப்பி, என்னோடு தண்ணீர் லாரியில் வேலை செய்யும் இனுக்கி. இனுக்கி மேட்டுக்கு அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு போனான். மான் கூட்டம் மேட்டுக்குப் பின்னால் நிற்கிறது என்று சொல்ல நான் என் பனிவண்டியை யூசிப்பியின் வண்டிக்கு இடதுபக்கம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவன் வண்டியில் உட்கார்ந்தபடியே துப்பாக்கியை மடியில் குறுக்காக வைத்துத் தோட்டா போட்டுக்கொண்டிருந்தான். மான் பக்கத்தில் நின்றால் இறங்க நேரம் ஏது, எல்லாரும் அப்படித்தான் போடுவோம். காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் நான் பனியில் கிடந்தேன். தொடையில் சூடாக எதுவோ ஓடியது. யூசிப்பி தன் மேலங்கியைக் கழற்றி என் காலைச் சுற்றிக் கட்டினான். "நான் தொடல அத்தான், விசையைத் தொடவே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

அதைத்தான் யாரும் நம்பவில்லை. கை தவறிய எவனும் அதைத்தானே சொல்வான்.

அன்றிலிருந்து யூசிப்பியை யாரும் வேட்டைக்குக் கூப்பிடவில்லை. ஒருவரும் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் ஊரில் திட்ட மாட்டார்கள். கிளம்பும்போது ஒருவனை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், அவ்வளவுதான்.

லீட்டியா கெட்டிலைக் கீழே வைத்தாள். "நாளைக்கு அவன் தனியா கிளம்புறானாம். அவன் பொண்டாட்டி சியாசி போன் பண்ணி அழுதா. வீட்ல இறைச்சி இல்லையாம். ஐஸ் வெடிப்பு விடுற மாசம் இது."

போன வருஷம் இதே நாட்களில் தனியாகப் போன ஒருவனின் வண்டித்தடம் மட்டும் கிடைத்தது. அது தண்ணீர் ஓரத்தில் போய் முடிந்திருந்தது.

"வேற எவனும் அவன்கூட போக மாட்டான்," என்றாள் லீட்டியா. "குண்டு பட்டவன் நீங்க. நீங்க போனா ஊர் வாயை மூடும். போங்கன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க கால் அது."

எனக்கும் பயம்தான். இப்போதும் யாராவது கதவைச் சாத்தினால் தொடை தானாகத் துள்ளும். அவன் விரல் பயத்தில் விசையை இழுக்கிற விரல் என்றால் அவன் பக்கத்தில் இன்னொரு தரம் என்னால் வண்டியை நிறுத்த முடியாது. கெட்டிலை ஒரு பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

தண்ணீர் லாரி எங்கள் தெருவில்தான் நின்றது. இனுக்கி குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். என் வேலையையும் சேர்த்து அவனே செய்வதால் முகம் செத்துப்போயிருந்தது.

"வாய்யா, நொண்டி மானே. வேலைக்கா, ஓசி சவாரிக்கா?"

"சவாரிக்கு. யூசிப்பி வீட்டுக்கு."

"போச்சு. இன்னொரு கால் மிச்சம் இருக்குன்னா?"

ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன். "அன்னைக்கு மேட்டுக்குப் பின்னாடி உனக்கு எத்தன சத்தம் கேட்டுச்சு?"

"எஞ்சின் ஓடிட்டு இருந்துச்சேப்பா. படபடன்னு கேட்டுச்சு. மேட்டுல எதிரொலிக்கும்ல."

பையைத் திறந்து கெட்டிலைக் காட்டினேன். அவன் ஒரு விரலை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தான். "ரெண்டு தடவ இழுத்திருக்கான். பயந்த விரல் ஒரு தடவையோட நிக்குமா? தானா வெடிச்சுதாம். என் மச்சினன்கூடத்தான் சொன்னான், வண்டி தானா போய்த் தண்ணில விழுந்துச்சுன்னு. வண்டிக்கு என்ன தாகமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் சொன்னது உள்ளே தைத்தது. யூசிப்பியுடையது ஒரு பழைய பட்டாளத் துப்பாக்கி. ஒரு தரம் விசையை இழுத்தால் ஒரு குண்டுதான் போகும். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளுமே தவிர, தானே சுடாது. இன்னொரு குண்டுக்கு விரலை விட்டு மறுபடி இழுக்க வேண்டும். பயந்த விரல் இரண்டாம் தரம் இழுக்காது என்று எப்படிச் சொல்வது?

யூசிப்பியின் வீட்டுக் கதவைத் திறந்ததும் குழந்தைதான் ஓடிவந்தது. இரண்டு வயது. பெயர் கூமாலுக். அவள் சியாசியின் வயிற்றில் இருந்தபோது என் அம்மா இறந்தாள். அம்மாவின் பெயரைத்தான் வைத்தார்கள், அதனால் எனக்கு அவள் அம்மா.

"பாரு, உம் மகன் வந்திருக்கான்," என்றாள் சியாசி. "தடி ஊணிக்கிட்டு வந்திருக்கான். கிழவனாயிட்டான் உம் மகன்."

"அம்மா, டீ குடுப்பியா?" என்றேன். குழந்தை என் தடியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

யூசிப்பி மேசையில் உட்கார்ந்து கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. நாளைக்குத் தேவையான சாமான்கள் சுவரோரம் கட்டிவைக்கப்பட்டிருந்தன. கெட்டிலை அவன் முன்னால் வைத்தேன். ஓட்டையைத் திருப்பிப் பார்த்தான்.

"மூணு போச்சு அத்தான்," என்றான். "மூணாவது வானத்துக்கு. குழல் தூக்கிக்கிட்டே போச்சு. சொன்னா யார் கேக்குறா?"

அப்போதுதான் அவன் வலதுகைக் கட்டைவிரலைப் பார்த்தேன். நகம் அடியிலிருந்து பாதிவரை கறுத்திருந்தது. புதுநகம் கீழே முளைத்துப் பழையதைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"விரல்ல என்ன மாப்ள?"

"குளிர்ல போச்சு."

"குளிர் நுனியிலதானடா கடிக்கும்? இது அடியில நசுங்குன நகம்."

அவன் கையை மேசைக்கடியில் கொண்டுபோனான். நான் விடவில்லை. துப்பாக்கியைக் கொண்டுவரச் சொன்னேன். வெப்பம் இல்லாத வாசல் அறையில் உயரத்தில் மாட்டியிருந்தது. தோட்டா இல்லை என்று அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன். அன்றைக்கு உட்கார்ந்த மாதிரியே நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்தான். இடதுகை குழலுக்கு அடியில். வலதுகையால், தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டின் பிடியைப் பின்னால் இழுத்து விட்டான். போல்ட் ‘டக்’ என்று முன்னால் போய் அடைத்தது. கட்டைவிரல் இன்னும் பிடிக்குப் பின்னாலேயே நின்றது.

அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்லி, கறுத்த நகத்தைப் பார்த்தேன். போல்ட் முன்னால் போய் அடைத்த அந்த நொடியே குண்டு வெடித்திருந்தால், பிடி பின்னால் பாய்ந்து அடித்திருக்க வேண்டிய இடம் அதுதான். விசையில் விரல் வைத்தவனுக்கு நகம் அங்கே நசுங்காது.

"உன் விரல் விசையில இல்ல," என்றேன்.

அவன் துப்பாக்கியை மடியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினான்.

பிறகு ஏன் வெடித்தது? போல்ட்டைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டினேன். உள்ளே இருக்கிற ஊசி ‘டிக் டிக்’ என்று தளர்வாக ஆடியது. அதுதான் தோட்டாவின் பின்புறத்தைக் குத்தி வெடிக்கச் செய்வது. சும்மா இருக்கும்போது இப்படித்தான் ஆட வேண்டும். அது முன்னால் நீட்டியபடி இறுகிக்கொண்டால், ஏறுகிற தோட்டா போய் உட்காரும்போதே குத்துப்படும். விசையே வேண்டாம். தோட்டா அடுக்கிய மேகசின் காலியாகும்வரையோ ஊசி இளகும்வரையோ ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்.

"இதை வீட்டுக்குள்ள கொண்டுவந்தியா?"

"இல்ல," என்றான் யூசிப்பி. வேகமாகச் சொன்னான்.

கழற்றித் துடைத்துக் காயவைக்கப் போகிறோம் என்றால் தவிர, குளிரில் இருக்கும் துப்பாக்கியை நாங்கள் சூடான அறைக்குக் கொண்டுவருவதில்லை. கொண்டுவந்தால் இரும்பு வியர்க்கும். அந்த ஈரம் போல்ட்டுக்குள் இறங்கி, வெளியே போனதும் உறையும். நடக்கக் கற்ற பிள்ளைக்குக்கூட இது தெரியும். இவன் எப்படிச் செய்வான்?

அடுப்பருகே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த சியாசியின் கை நின்றிருந்தது. கருகும் வாசனை வந்தது.

"நான்தான் அண்ணே," என்றாள்.

"நீ சும்மா இரு," என்றான் யூசிப்பி.

"எத்தன நாளைக்கு சும்மா இருக்கிறது?" சட்டியை இறக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்க கிளம்புறதுக்கு முந்தின நாள். வாசல் அறையில ஏதோ உருளுற சத்தம். போய்ப் பாக்குறேன், இவ தோல் மூட்டை மேல ஏறி நிக்கிறா. துப்பாக்கி வாரைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நிக்கிறா. எனக்கு உயிரே போச்சு. இவர் வெளில வண்டி பாத்துக்கிட்டு இருந்தாரு. தூக்கிட்டு வந்து படுக்கை அறை அலமாரி மேல வச்சேன். காலைல திருப்பி மாட்டிட்டேன். சொல்லணும்னு தோணல. குழந்தைய காப்பாத்துனேன்னுதான் நினைச்சேன்."

குழந்தை என் தடியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்று அவனைக் கேட்டேன்.

"திரும்பி வந்தப்புறம் அலமாரில தண்ணி காஞ்ச தடம் பாத்தேன்," என்றான். "நீளமா, துப்பாக்கி அளவுக்கு. அப்பவே புரிஞ்சிருச்சு. துடைச்சுட்டேன்."

"எங்கிட்ட ஏன் கேக்கல நீ?" என்றாள் சியாசி.

"கேட்டு? ஊர் உன்னப் பேசவா? என்னை ஏற்கனவே பேசிட்டு இருந்துச்சு. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவள் திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது. அவன் எழுந்து போகத் தெரியாமல் கயிற்று முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டான்.

கண்ணால் பார்க்காமல் எனக்கு மனம் அடங்கவில்லை. போல்ட்டை அடுப்பில் இருந்த கெட்டிலின் ஆவியில் காட்டி நனைத்தோம். சுட்டு முடித்துக் காலித் துப்பாக்கியின் விசையைத் தட்டி வைப்பது எங்கள் வழக்கம். அந்த நிலையில் ஊசி முன்னால்தான் நிற்கும். அதனால் ஊசி முன்னால் சரிந்து நிற்கும்படி, மூக்கு கீழே பார்க்கப் போல்ட்டை வாசல் அறையில் நிறுத்தினோம். டீ குடித்தோம். கருகிய ரொட்டியைச் சுரண்டிவிட்டுத் தின்றோம். குழந்தை என் மடியில் தூங்கிவிட்டது. அப்புறம் யூசிப்பி போய்ப் போல்ட்டை எடுத்துவந்து என் காதருகே ஆட்டினான்.

சத்தம் இல்லை.

முகப்பைத் திருப்பிக் காட்டினான். கொசுவின் மூக்கு மாதிரி ஊசி நீட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். உள்ளே போகவில்லை.

அவன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான். மாதக்கணக்கில் அடைத்துவைத்த மூச்சு வெளியே வந்தது. "பாத்தீங்களா அத்தான். நான் ஒண்ணும் பண்ணல."

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அதற்கு மேல் கேட்க மனம் வராது. ஆனால் நெடுநேரம் உட்கார்ந்திருந்ததால் தொடை உள்ளுக்குள் இழுத்தது.

"சரி, துப்பாக்கி தானா வெடிச்சது," என்றேன். "குழல் எந்தப் பக்கம் பாத்துச்சு?"

அவன் நிமிர்ந்தான்.

"தானா வெடிக்கிறது அதோட கோளாறு. நான் நின்ன பக்கம் பாத்தது?"

முகம் சிவந்துவிட்டது. "நீங்க மட்டும்? நீங்களும் மடியில குறுக்க வச்சுத்தான போடுறீங்க? இனுக்கி எப்படிப் போடுறான்? எங்கப்பா எப்படிப் போட்டாரு? வலதுகைக்காரன் மடியில வச்சா குழல் இடதுபக்கம்தான் போகும். நீங்க ஏன் இடதுபக்கம் வந்து நிறுத்துனீங்க?"

"ஆமா," என்றேன்.

"என்ன ஆமா?"

"நானும் அப்படித்தான் போடுறேன். இத்தன வருஷம் என் இடதுபக்கம் எவன் எவன் நின்னான்னு நினைச்சுப் பாக்குறேன்."

அவன் கோபம் அப்படியே இறங்கிப்போனது. பதிலுக்கு நான் கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தூங்குகிற குழந்தையை மறு தொடைக்கு மாற்றினேன். கனமாக இருந்தாள்.

சியாசி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நீங்க ரெண்டு பேரும் குழலை எங்கயாச்சும் திருப்பிக்கோங்க. எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இதை நான் எங்க வைக்கிறது? உள்ள வச்சா வேர்க்கும். வெளில வச்சா இவ ஏறுவா."

அது நியாயமான கேள்வி. எங்களில் ஒருவனும் அதுவரை யோசிக்காதது.

சாயங்காலம் ஊர் ரேடியோவில் யார் வேண்டுமானாலும் போன் செய்து பேசலாம். பிறந்தநாள், தொலைந்த கையுறை, விற்கிற எஞ்சின், எல்லாம் அதில் வரும். நான் பேசுகிறேன் என்றேன். சியாசி போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். குளிரிலிருந்து துப்பாக்கியை உள்ளே கொண்டுவந்தது தான்தான் என்று தன் பெயரைச் சொல்லியே சொன்னாள். ஏன் என்றும் சொன்னாள். "உங்க வீட்டுப் பிள்ளைங்களும் ஏறும்," என்றாள். "நான் செஞ்ச மாதிரி செஞ்சிருந்தா புருஷன்கிட்ட சொல்லிடுங்க. திட்டினா திட்டட்டும்."

போனை வைத்துக் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் லாரி வாசலில் வந்து நின்றது. இனுக்கி, கப்பலில் சரக்கு கட்டி வந்த மரச்சட்டங்களை இறக்கினான். யூசிப்பியிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "வாசல் அறையிலயே பூட்டு போட்ட பெட்டி ஒண்ணு அடிச்சிருவோம்," என்றான். "குளிரும் இருக்கும், கிழவியும் திறக்க மாட்டா." என் மடியில் இருந்த குழந்தையைத்தான் சொன்னான். "ஆணி எங்கடா வச்சிருக்க?"

யூசிப்பி ஆணி டப்பாவை எடுத்து வந்தான்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் அவனும் நானும் கிளம்பினோம். போல்ட்டை அடுப்புப் பெட்ரோலில் கழுவி, எண்ணெய்ப்பசை இல்லாமல் காயவைத்திருந்தான். லீட்டியா என் மேலங்கியின் கழுத்தை இழுத்துவிட்டாள்.

சூரியன் ஏறிய பிறகு, விரிகுடாவைத் தாண்டி ஒரு சரிவில் காரிபுக் கூட்டம் தெரிந்தது. யூசிப்பி எஞ்சினை நிறுத்தினான். வழக்கமாக இந்த இடத்தில் கை தானாகத் துப்பாக்கியை மடிக்கு இழுக்கும். அவன் கையும் போனது. பாதியில் நின்றது. இறங்கினான். நான் எங்கே இருக்கிறேன் என்று திரும்பிப் பார்த்தான். பனி நொறுங்க நடந்துபோய், ஆளில்லாத வெட்டவெளியைப் பார்த்து நின்றான். போல்ட்டைப் பின்னால் இழுத்து நிறுத்தி, கையுறையைக் கழற்றி, வெறும் விரலை உள்ளே விட்டு ஊசி நீட்டியிருக்கிறதா என்று தடவினான். இரும்பு விரலைச் சுட்டிருக்கும். உதறிக்கொண்டான். ஒரே ஒரு தோட்டா போட்டான். குழலைத் தொலைவிலிருந்த பனியை நோக்கித் தாழ்த்தி, போல்ட்டை விட்டான்.

டக்.

என் தொடை துள்ளியது. இருக்கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். வேறு சத்தம் எதுவும் வரவில்லை. காற்று மட்டும் பனியை இழைத்துக்கொண்டு போனது.

அடுத்தது என் முறை. நான் கைத்தடியைத் தேடி, இறங்கி, அவனுக்கு மறுபக்கமாக நொண்டிக்கொண்டு போனேன்.

"உங்களோடது கையால தள்ளிப் பூட்டுற துப்பாக்கி அத்தான்," என்றான். "அது அப்படிப் போகாது."

"உட்காந்த இடத்துலயே போட்டுப் பழகுன கை இது. நடக்கட்டும்."

பனி ஆழமாக இருந்தது. தடி இறங்கி இறங்கி மாட்டியது. போய்த் திரும்பி நின்று, தோட்டா போட்டு நிமிர்ந்தபோது சரிவு காலியாக இருந்தது. கடைசி மானின் பின்புறம் மட்டும் மேட்டைத் தாண்டி மறைந்தது.

யூசிப்பி என் முகத்தையே பார்த்தான். திட்டப்போகிறேன் என்று நினைத்தான் போலிருக்கிறது.

"அடுத்த மேட்டுக்குப் பின்னாடி நிக்கும்," என்றேன். "டீ போடு மாப்ள."

இரண்டு துப்பாக்கிகளிலிருந்தும் தோட்டாவை எடுத்தோம். அவன் பெட்டியிலிருந்து அதே கெட்டிலை எடுத்தான். இரண்டு ஓட்டைகளையும் திருகாணியும் வாஷரும் வைத்து முடுக்கியிருந்தான். அடுப்பில் வைத்ததும் ஒரு பக்கம் சொட்டியது, அடுப்பு சீறியது. ஒரு திருகாணியைச் சரியாக முடுக்கத் தெரியவில்லை, இவனெல்லாம் வேட்டைக்கு வந்துவிட்டான் என்று தண்ணீர் கொதிக்கும்வரை அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.